கடைசி சீட்டிலிருந்து: திருச்சி, பழனி, வால்பாறை

முதல் நாள்: திருச்சி – பழனி

காலை ஐந்தரைக்கு மூன்று வண்டிகளும் வாசலில் வந்து நின்றன. டிரைவர் அண்ணனையும் சேர்த்து 18 பேர். தம்பி மகளுக்குப் பழனியில் முடியிறக்க வேண்டும். அப்படியே வால்பாறை போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று முடிவானது.

எனக்கு இதில் தனியாக ஒரு வேலை இருக்கிறது. எங்கள் சின்ன கார் இப்போது வீட்டு ஆட்களுக்குப் போதவில்லை. மூன்று வரிசை சீட் உள்ள வண்டி வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறேன். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். அதனால் இந்த ஐந்து நாளும் வண்டி மாறி மாறி, கடைசி வரிசையில் மட்டுமே வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

எனக்குத் தொழில் நாற்காலி, சோபா செய்வது. இன்ச் டேப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சாப்பாட்டு மேசை நாற்காலி என்றால் தரையிலிருந்து இருக்கை 17, 18 அங்குல உயரம். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது, பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். காரில் காலை முன்னால் நீட்டி உட்காருவதால் இருக்கை இதைவிடத் தாழ்வாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் நீட்ட இடம் வேண்டும்.

வண்டிகளைச் சொல்லிவிடுகிறேன். கருப்பு அத்தானுடையது. லேடர் ஃப்ரேம் வைத்த உயரமான எஸ்யூவி. வெள்ளை தம்பியுடையது, மோனோகாக் எஸ்யூவி. எங்கள் பட்டறை பாஷையில் சொன்னால், லேடர் ஃப்ரேம் என்பது கட்டில் சட்டத்தின் மேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி. மோனோகாக் என்பது பீரோ மாதிரி, பலகைகளே சட்டம். மூன்றாவது வண்டி வாடகைக்கு எடுத்த இனோவா கிரிஸ்டா. கருப்பும் வெள்ளையும் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு கம்பெனி பக்கம் போய்விடும். நான் எழுத வந்தது உட்காருகிறவர்களைப் பற்றி.

கிளம்பும்போதே முதல் சிக்கல் சாமான். கடைசி வரிசையை நிமிர்த்திவிட்டால் அதற்குப் பின்னால் மிஞ்சுகிற இடம் ஒரு சந்து மாதிரிதான். கருப்பு வண்டியில் இரண்டு டிராலி பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியதும் கதவு மூடக் கஷ்டப்பட்டது. மீதியை இனோவாவின் மேலே கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். வண்டி நீளமாக இருந்தால் டிக்கியும் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 209 லிட்டர் இடம் என்று கணக்கு. அதைவிட நீளமான அல்கசாரில் (4,560 மி.மீ.) 180 லிட்டர். காரன்ஸில் (4,540 மி.மீ.) 216. நீளத்தை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது.

அம்மா வழக்கம்போல, "நான் பின்னாடி உக்காந்துக்கறேன், பெரியவங்க முன்னாடி உக்காரட்டும்" என்று கருப்பு வண்டியின் கடைசி வரிசையில் முதல் ஆளாக ஏறிக்கொண்டார். அம்மாவுக்கு வயது 68. பெரியவர்கள் என்று அவர் சொன்னது அத்தையையும் சித்தப்பாவையும்.

நான் இன்று வெள்ளையில். திண்டுக்கல் வரை நாலு வழிச் சாலை, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் தெரியவில்லை. மணப்பாறையில் டீ குடிக்க இறங்கி, முறுக்கும் வாங்கினோம். அம்மா இறங்கவில்லை, டீயும் வேண்டாம் என்றார். அதன் பிறகு ஒட்டன்சத்திரம் தாண்டும்போது எனக்கு இடது தொடை மரத்துப் போனது. டேப்பை எடுத்து அளந்தேன். கால் வைக்கும் தரையிலிருந்து குஷன் 11½ அங்குலம். முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை நுழைக்கலாம் என்று பார்த்தால் ஷூ முனை மட்டும்தான் போகிறது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. இதற்குக் குஷன் காரணமில்லை, ஃபோம் நல்ல கெட்டியாகத்தான் இருக்கிறது. தாழ்வான இருக்கையைப் போட்டுவிட்டு அதற்கு வேண்டிய நீளத்தைக் கொடுக்காததுதான் காரணம்.

இரண்டாம் நாள்: பழனி – பொள்ளாச்சி

முடியிறக்கியாயிற்று. சந்தனம் பூசிய தலையோடு குழந்தை எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. பெரியவர்கள் ரோப் காரில் ஏறினார்கள், நாங்கள் படியேறினோம். பஞ்சாமிர்த டப்பாக்கள் சேர்ந்ததில் டிக்கி இன்னும் சுருங்கியது.

கிளம்பும்போது வெள்ளை வண்டியில் ஒரு விஷயம் கவனித்தேன். குழந்தை சீட்டை நடு வரிசையின் இடது பக்கம் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். சரியான முறை அதுதான். ஆனால் கடைசி வரிசைக்குப் போகிற வழியும் இடது பக்கம்தான். குழந்தை சீட் மாட்டியிருக்கும்போது அந்த சீட்டை மடக்கித் தூக்க முடியாது. வலது பக்கம் சுற்றிப் போய், ரோட்டுப் பக்கக் கதவைத் திறந்து ஏற வேண்டியிருந்தது. பழனி அடிவாரத்தில் பஸ்ஸும் குதிரை வண்டியும் நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில் வயதானவர்களை அப்படி ஏற்றுவது சரியில்லை. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகவே பின்னால் போய்விடலாம். ஒரு ஆள் குறையும், அதற்கு இந்த வசதி. கைக்குழந்தையும் தாத்தா பாட்டியும் ஒரே வண்டியில் போகிற வீடு என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

இன்று எனக்குக் கருப்பு வண்டி. ஏறுவதே ஒரு வேலை. படிப்பலகையில் ஒரு கால், மடக்கிய சீட்டின் கம்பியில் ஒரு கை, தலையைக் குனிந்து உள்ளே போய், அரைவட்டம் திரும்பி உட்கார வேண்டும். அளந்தேன். தரையிலிருந்து குஷன் 10½ அங்குலம். ஃப்ரேம், அதன் மேல் தரை, கீழே ஏறி இறங்க இடம் கேட்கும், பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் என்று எல்லாம் சேர்ந்து தரையைத் தூக்கிவிடுகின்றன. கூரையை அதே அளவுக்கு உயர்த்த முடியாது. நடுவில் மாட்டிக்கொள்வது உட்காருகிறவர்தான். என் முழங்கால் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

அத்தான் 5 அடி 11 அங்குலம். அவரை நடு வரிசையில் அவருக்கு வசதிப்பட்ட மாதிரி உட்காரவைத்த பிறகுதான் என் முழங்காலுக்கும் அவர் சீட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். நடு வரிசை முன்னும் பின்னும் நகர்கிற வண்டியில் அதை முழுக்க முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் இடம் காட்டுவது சுலபம். அப்படிக் காட்டினால் நம்பக் கூடாது. அத்தான் உட்கார்ந்தபின் எனக்கு மிஞ்சியது இரண்டு விரற்கடை.

மத்தியானம் ஒரு மணி வெயில். ஏசி காற்று கடைசி வரிசைக்கு வந்து சேர்வதற்குள் உடுமலைப்பேட்டை வந்துவிட்டது. பின்னால் இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடி திறக்காது, அதன் வழியாக வெயில் நேராகத் தோளில் விழுகிறது. கடைசி வரிசைக்குக் கூரையிலேயே ஏசி துவாரம் வைத்த வண்டிகள் இருக்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அலங்கார விளக்கும் பெரிய திரையும் அப்புறம்.

ராத்திரி பொள்ளாச்சி லாட்ஜில் உட்கார்ந்து அத்தானும் தம்பியும் நானும் கணக்குப் பார்த்தோம். தம்பி சொன்னான், "வீல்பேஸ் பார்த்து வாங்குண்ணா, அதுதான் இடம்." வீல்பேஸ் என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். நான் ஃபோனில் எடுத்துக் காட்டினேன். எக்ஸ்யூவி700 வீல்பேஸ் 2,750 மி.மீ. ஸ்கார்ப்பியோ-என் 2,750. இனோவா கிரிஸ்டாவும் 2,750. மூன்றும் ஒரே எண், கடைசி வரிசையில் மூன்றும் வேறு வேறு. ஃபார்ச்சூனர் கிரிஸ்டாவைவிட நீளமான வண்டி, 4,795 மி.மீ. கிரிஸ்டா 4,735. இரண்டும் டொயோட்டாவின் ஐஎம்வி என்ற ஒரே அடிச்சட்ட வம்சத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள். அண்ணன் மேடு பள்ளத்தில் ஏற உடம்பை உயர்த்திக்கொண்டது, தம்பி ஆட்களுக்குத் தரையை இறக்கிக் கொடுத்தது. புது இனோவாவான ஹைக்ராஸ் மோனோகாக், முன் சக்கர ஓட்டம். நீளம் 4,755 மி.மீ., கிரிஸ்டாவைவிட 20 மி.மீ. மட்டும் கூட. வீல்பேஸ் மட்டும் 2,850. பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லாததால் தரையும் தட்டை. வீல்பேஸ் ஒரு துப்பு, அவ்வளவுதான். இடுப்பும் முழங்காலும் எங்கே நிற்கின்றன என்று அந்த எண் சொல்லாது.

மூன்றாம் நாள்: பொள்ளாச்சி – ஆழியாறு – வால்பாறை

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. நான் வெள்ளையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கருப்பில் நேற்று சித்தப்பா பேரன் வாந்தி எடுத்ததால் ஆட்கள் இடம் மாறி, அம்மா இன்று என் பக்கத்தில்.

அம்மா பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் ஒரு பயணம் போனதே இல்லை என்று மூன்றாவது வளைவில்தான் உறைத்தது. எப்போதும் நான் ஸ்டியரிங் பிடித்திருப்பேன். பின்னாலிருந்து அம்மா குரல் மட்டும் வரும், "எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீ பார்த்து ஓட்டு."

அந்த இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தேன். நேர் முன்னால் நடு வரிசையின் தலைச்சாய்மானம். அதற்கு மேல் கூரைத் துணி. பக்கத்தில், பின்னால் போகப் போகக் குறுகி முக்கோணமாக முடிகிற கண்ணாடி. ரோடு தெரியவில்லை. வளைவு வருவது உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மலைப்பாதையில் தலை சுற்றுவதற்கு இதுதான் பெரிய காரணம், காது ஒன்றைச் சொல்கிறது, கண் வேறொன்றைப் பார்க்கிறது. போதாததற்கு, கடைசி சீட் பின் ஆக்சிலுக்கு மேலேயே இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. பஸ்ஸில் கடைசி சீட்டில் போனவர்களுக்கு அந்தத் தூக்கிப்போடுதல் தெரியும்.

அம்மாவின் வலது கை முழு நேரமும் முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது. அந்தக் கையின் நரம்பு புடைத்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிடி இறுகும், நேரானதும் தளரும். இடது கையில் ஒரு எலுமிச்சம்பழம், நகத்தால் கீறி மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். புடவை மடியில் பாலிதீன் பை ஒன்று மடித்து வைத்திருந்தார். அது யாருக்காவது தேவைப்படும் என்று எடுத்து வந்ததாம்.

எட்டாவது வளைவு தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம்டா."

"தொண்டை வறண்டு போயிருக்கே, ஒரு வாய் குடி."

"குடிச்சா அப்புறம் இறங்கணும். இவங்க எல்லாம் எந்திரிக்கணும், சீட்டை மடக்கணும், பாவம். வண்டில ஏறுறதுன்னா நான் காலைலேர்ந்தே தண்ணி குடிக்கறதில்ல."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். "குவாலிஸ் வாடகைக்கு எடுத்துப் போவோமே, அப்பலேர்ந்து" என்றார், சர்வ சாதாரணமாக. குவாலிஸ் 2005-இல் நின்றுபோன வண்டி. அப்படியானால் இருபது வருடத்துக்கு மேல். மணப்பாறையில் டீ வேண்டாம் என்றது அப்போதுதான் புரிந்தது.

சீட்டை மடக்கித் தூக்கும் லீவரைப் பற்றி நான் நிறைய படித்திருக்கிறேன். ஒரே இழுப்பில் மடங்குகிறதா, பட்டனைத் தொட்டால் போதுமா, மடங்கினால் எத்தனை அங்குலம் வழி கிடைக்கிறது என்றெல்லாம். அந்த வழி சுலபமாக இல்லையென்றால் உள்ளே இருப்பவர் தாகத்தை அடக்கிக்கொண்டு வருவார் என்று எங்கேயும் படித்ததில்லை.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணை வெயிலில் தகடு மாதிரி மின்னியது. நடு வரிசையில் இருந்தவர்களை இறக்கி, சீட்டை மடக்கி, அம்மாவைக் கைபிடித்து இறக்கினேன். முழங்கால் நிமிர அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீர் முழுக்கக் குடித்தார். பாறைச் சரிவில் நான்கு வரையாடுகள் நின்றிருந்தன. அம்மாதான் முதலில் பார்த்து எல்லோருக்கும் காட்டினார்.

அங்கிருந்து அம்மாவை நடு வரிசை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அத்தை மகன் கல்லூரியில் படிக்கிறான், சின்ன உடம்பு. அவன் சந்தோஷமாகப் பின்னால் வந்துவிட்டான், ஃபோனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கால்மணி நேரத்தில் தூங்கியும்விட்டான். அதே சீட், அதே 11½ அங்குலம், ஆனால் அவனுக்கு அது போதும். அட்டகட்டியைத் தாண்டிக் கவர்க்கல் பக்கம் பனி மூடியது. முன் கண்ணாடி வழியாக ஒவ்வொரு பலகையாகப் பார்த்து, "இருபத்தெட்டு… இருபத்தொம்பது" என்று அம்மா எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பது வரை எண்ணினார்.

நான்காம் நாள்: வால்பாறை

காலையில் புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தன. சாயங்காலம் சோலையாறு அணை. மழை தூறிக்கொண்டே இருந்தது, கம்பளி போதவில்லை.

இன்று இனோவாவின் கடைசி வரிசை. எஸ்டேட் ரோட்டில் குண்டும் குழியும் அதிகம். கிரிஸ்டாவும் லேடர் ஃப்ரேம்தான், பின்னால் இருப்பதும் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் லைவ் ஆக்சில்தான். ஆள் குறைவாக இருந்தபோது பின்னால் கொஞ்சம் தூக்கிப் போட்டது, எல்லோரும் ஏறியதும் அடங்கிவிட்டது. பாரம் இழுக்கவே வைத்த ஸ்பிரிங் அது. குஷன் மற்ற இரண்டு வண்டியைவிட உயரத்தில் இருக்கிறது, தொடை குஷனில் படுகிறது, பாதம் முன் சீட்டுக்கு அடியில் போகிறது. முதுகைச் சாய்க்கவும் முடிகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறங்கினேன், கால் மரக்கவில்லை. டேப்பை எடுக்கவே தோன்றவில்லை.

டிரைவர் அண்ணன் பதினைந்து வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டேன். "கடைசி சீட்டுல மூணு பேருன்னு எழுதியிருப்பாங்க சார். பெரியவங்கன்னா ரெண்டு பேரோட நிறுத்திக்கணும். நடுவுல உக்காரவருக்குத் தோள் வைக்க இடமிருக்காது" என்றார். உண்மைதான். பின் சக்கரத்தை மூடும் வளைவு இரண்டு பக்கமும் உள்ளே வந்துவிடுவதால், வெளியே வண்டி எவ்வளவு அகலமாக இருந்தாலும் கடைசி வரிசையின் அகலம் குறைந்துதான் போகும். அவர் இன்னொன்றும் சொன்னார். பின்னால் உட்காருகிறவர்கள் பெல்ட் போடுவதே இல்லையாம். அந்த வரிசையில் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். அங்கேதான் கட்டாயம் போட வேண்டும். இன்று போட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு எத்தனை ஆள் என்று ராத்திரி மனைவியோடு கணக்குப் போட்டேன். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஆறு பேர். நடுவில் இரண்டு கேப்டன் சீட், அதில் அப்பா அம்மா. பின்னால் பிள்ளைகள். பெரியவனுக்கு 13 வயது, இன்னும் நாலு வருடத்தில் என்னைவிட உயரமாகிவிடுவான். அப்போது நான் பின்னால் போகிறேன், அவன் ஓட்டட்டும் என்றாள் மனைவி. அவள் சொன்னதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வண்டி பத்து வருடம் இருக்கும், பிள்ளைகள் பத்து வருடமும் இதே உயரத்தில் இருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள்: வால்பாறை – திருச்சி

பனி விலகும் முன்னாலேயே இறங்கத் தொடங்கினோம். கிளம்பும்போது அம்மா பழக்கத்தில் நேராகக் கருப்பு வண்டியின் பின்பக்கம் போனார். கையைப் பிடித்து இனோவாவுக்குக் கூட்டி வந்து நடு வரிசை இடது சீட்டில் உட்காரவைத்தேன். "அத்தை எங்கே உக்காருவாங்க?" என்றார். அத்தை வலது சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையின் ஒரு பாதியைப் பக்கவாட்டில் தூக்கி மாட்டி, அங்கே பெட்டிகளையும் தேயிலைப் பொட்டலங்களையும் வைத்தோம். மறு பாதியில் நான். அப்பா முன்னால்.

ஆழியாறில் காலை டிபன். அம்மா இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. தண்ணீரும் குடித்தார். உடுமலையில் அவரே, "தம்பி, வண்டிய ஒரு ஓரமா நிறுத்தச் சொல்லு" என்றார். கதவைத் திறந்தார், இறங்கினார், போய்விட்டு வந்து ஏறிக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை, ஒரு சீட்டும் மடங்கவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

பழனி மலை தெரிந்ததும் கும்பிட்டார். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, கை இரண்டும் மடியில் தளர்ந்து கிடக்க, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா காரில் தூங்கி நான் பார்த்ததில்லை. டிரைவர் அண்ணனிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் லாரிகளின் ஹாரனுக்கும் அவர் அசையவில்லை.

திண்டுக்கல் பைபாஸில் விழித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"அதுக்குள்ள திண்டுக்கல் வந்துடுச்சா?"